‘என்ன வேண்டும்?’ என்னும் கேள்வி

உணவைப் பற்றி எழுதுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். சங்கப் புலவர்கள் அவ்வாறு எண்ணியதில்லை. பரிசில் நாடிச் செல்லும் பாணன் எந்த நிலத்தில் எதை உண்பான், எவர் முற்றத்தில் உண்பான் என்பதையெல்லாம் ஆற்றுப்படை நூல்கள் விரித்துரைக்கின்றன. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், கூடல் மாநகரின் இரவை வருணிக்குமிடத்து, அடை விற்கும் கூவியர் தம் பண்டங்களின் அருகே தூங்கி வழியும் காட்சியைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையிலும் அக் கூவியர் வருகின்றனர். மாவை வட்டமாகத் தட்டிச் சுட்டுக் கடைத்தெருவில் விற்கும் தொழில் தமிழனுக்குப் புதிதன்று என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

இத் தொழில் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நெருப்பும் மாவும் பசியும் உள்ள இடமெல்லாம் இப் பண்டம் உண்டு. இத்தாலியர் அதனைப் ‘பீட்சா’ என்பர். நம் மலையகத் தோட்டத்து மக்கள் ‘ரொட்டி’ என்பர். இரண்டும் கோதுமை மாவினால் ஆனவை. இரண்டும் ஏழையின் வயிற்றை நிரப்பப் பிறந்தவை. ஆயினும் ஒன்று உலகின் பெருநகரங்கள் அனைத்திலும் அரியாசனம் பெற்றிருக்கிறது. மற்றது லயத்துக் காம்பராவின் அடுப்பங்கரையை விட்டு அதிக தூரம் வெளியே வரவில்லை. ஏன் இந்த வேற்றுமை?

அண்மையில் நுவரெலியாவில், ஒரு சிறு பீட்சாக் கடையில் கண்ட காட்சி ஒன்று இவ்வினாவை என்னுள் எழுப்பியது. அதனைக் கூறுமுன் அவ்விரு பண்டங்களின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் நன்று.

நேப்பிள்ஸ் நகரத்து ஏழையின் அப்பம்

தென் இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் துறைமுக நகரம் 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த நகரம். ஒற்றை அறையில் ஒரு குடும்பம். அவ்வறையில் அடுப்பு மூட்ட இடமில்லை. பகலெல்லாம் தெருவிலேயே வாழ்க்கை. அம்மக்களுக்காகத் தெருவில் விற்கப்பட்டதே பீட்சா. மேலே பூண்டும் எண்ணெயும் உப்பும். கையில் காசு இருந்தால் சிறு மீனோ பாற்கட்டியோ. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து நெடுங்காலம் ஐயத்துடன் நோக்கப்பட்ட தக்காளி பின்னர் அதிற் சேர்ந்தது. 1840களில் அந்நகரைப் பற்றி எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா, அங்குள்ள ஏழைகள் கோடையில் தர்ப்பூசணியையும் குளிர்காலத்தில் பீட்சாவையும் உண்டு வாழ்வதாகக் குறிப்பிட்டார்.

செல்வர்கள் அதனை எவ்வாறு நோக்கினர் என்பதை அறிய வேறு இரு எழுத்தாளர்களை நாடலாம். ‘பினோக்கியோ’ என்னும் மரப்பாவையின் கதையை எழுதி உலகச் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்த கார்லோ கொலோடி, 1886 இல் வெளிவந்த ஒரு பாடநூலில், பீட்சாவை அழுக்கேறிய பண்டம் என்றே இகழ்ந்தார். நேப்பிள்ஸ் நகரப் பெண் எழுத்தாளர் மத்தில்டே செராவோ, 1884 ஆம் ஆண்டு அந்நகரைக் கொள்ளைநோய் சூறையாடிய காலத்தில் எழுதிய நூலில் வேறொரு செய்தியைச் சொல்கிறார். ஒரு வணிகர் உரோமாபுரிக்குச் சென்று பீட்சாக் கடை திறந்தாராம். தொடக்கத்தில் சொந்த ஊரார் வந்தனராம். பின்னர் கடை நலிந்து மறைந்ததாம். தலைநகரத்துக்கு அது வேண்டாதிருந்தது.

1889 ஆம் ஆண்டு மார்கரீட்டா அரசியார் நேப்பிள்ஸ் வந்தபோது ஒரு கடைக்காரர் தக்காளி, பாற்கட்டி, துளசி இனத்து இலை ஆகிய மூன்றாலும் இத்தாலியக் கொடியின் வண்ணங்களை அமைத்துக் கொடுத்தார் என்றும், அதனால் அப் பண்டத்துக்கு அரசியின் பெயர் வந்ததென்றும் ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர் பலர் இதனை ஐயுறுகின்றனர். கதை மெய்யாயினும் பொய்யாயினும் பீட்சாவை உலகெங்கும் கொண்டு சென்றவர் அரசியார் அல்லர். வறுமை தாங்காது கப்பலேறிய தென் இத்தாலியக் கூலி மக்களே. 1880 க்கும் முதலாம் உலகப் போருக்கும் இடையில் இலட்சோப இலட்சம் பேர் அமெரிக்கா சென்றனர். சுரங்கத்திலும் சாலையிலும் உழைத்தனர். அவர்களுட் சிலர் கையிற் சேர்ந்த காசைக் கொண்டு சொந்தக் கடை வைத்தனர். 1905 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் அவ்வாறு பெயர் பெற்ற பீட்சாக் கடை ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்து இத்தாலியர் வந்து உண்ட அச் சிறு கடைகளிலிருந்தே அப் பண்டத்தின் திக்குவிசயம் தொடங்கிற்று. 2017 ஆம் ஆண்டில், பீட்சா தட்டும் நேப்பிள்ஸ் கைவினைஞரின் கலையை மானிடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒருகாலத்தில் இகழப்பட்ட கைக்கு உலகம் மாலை சூட்டிற்று.

அளந்து கொடுத்த உணவு

இத்தாலியர் கப்பலேறிய அதே காலத்தில் வேறொரு மக்கட் கூட்டமும் வறுமை தாங்காது கடல் கடந்துகொண்டிருந்தது. அது நம் கூட்டம். 1820களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்து மக்கள் காட்டுவழியே நடத்தி அழைத்து வரப்பட்டனர். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பிச் செடிகளை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்தவர்கள் திரும்பவில்லை.

அவர்கள் உண்ட உணவு எது? அரிசி. அவ்வரிசியைக் கடைக்குச் சென்று தெரிந்து வாங்கவில்லை. தோட்டம் அளந்து கொடுத்தது, கூலியில் கழித்துக்கொண்டது. கங்காணியிடம் பெற்ற முற்பணமும் அரிசிக் கணக்கும் சேர்ந்து கடனாகி, அக்கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, அச்சீட்டோடு மனிதரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். ‘துண்டு முறை’ எனப்பட்ட அக்கொடுமை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. 1927 இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமுங்கூட, அரிசியை வரையறுத்த விலைக்குத் தோட்டமே கொடுக்க வேண்டும் என்றது. சட்டத்தின் நோக்கம் நன்று. ஆயினும் தட்டில் விழுவது என்ன என்பதைத் தீர்மானித்தவர் உண்பவர் அல்லர் என்னும் நிலை மாறவில்லை.

அரிசி உண்ட மக்கள் ரொட்டி உண்ணத் தொடங்கியதும் அவர்தம் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பின்னும் மா நிலைத்துவிட்டது. இந்நாட்டில் வணிக அளவில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் தானியமே மாவாகிறது. திருகோணமலையில் பெரிய மா ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் தானியம் கடல் கடந்தே வருகிறது. கடல் கடந்து வந்த மக்கள், கடல் கடந்து வரும் மாவைத் தட்டி உண்டு, கடல் கடந்து செல்லும் தேயிலையைக் கொய்தனர்!

கப்பல் தவறினால் லயத்து அடுப்பு அணைந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலக விலைகள் ஏறியபோது அரிசியும் மாவும் சுருங்கின. தோட்டங்களிற் பட்டினி புகுந்தது. சாவு வீதம் உயர்ந்தது. உணவு தேடி நகரத் தெருக்களில் அலைந்த தோட்டத்து மக்களைப் பற்றி அக்காலத்தைக் கண்ட முதியோர் இன்றும் கண்ணீரோடு கூறுவர். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோதும் முதலில் வாடியவை அந்த அடுப்புகளே.

எனினும் அந்த ரொட்டியை யான் இழிவாகச் சொல்ல வரவில்லை. விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, மாவில் உப்பிட்டு, தேங்காய் இருந்தால் துருவிச் சேர்த்து, பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கல்லிலிட்டுச் சுடும் தோட்டத்துப் பெண்ணின் கைத்திறனை அருகிருந்து கண்டவர் அதனை மறவார். புகை நிறைந்த காம்பராவில், பெரட்டுக்குப் போகும் நேரம் நெருங்க நெருங்க, ஒரே அளவினவாய், ஒரே கனத்தினவாய், கருகாமல் வேகாமலும் இராமல் வட்டங்கள் அடுக்கப்படும். இடித்த சம்பலோடு சூடாக உண்டால் அதன் சுவை தனி. மிஞ்சியது துணியில் முடிந்து மலையேறும். நண்பகலில் தேயிலைச் செடிகளின் நடுவே, சாயத் தண்ணீருடன் அதுவே விருந்து. பதினாயிரக்கணக்கான பெண்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பயின்ற இத்திறனும் ஒரு கைவினையே அன்றோ?

ஹட்டன் கடைத்தெரு

நேப்பிள்ஸ் ஏழைக்குத் தெரு சொந்தமாக இருந்தது. தோட்டத்து ஏழைக்கு எது சொந்தம்? லயம் தோட்டத்துக்குரியது, பாதை தோட்டத்துக்குரியது, முன்பெல்லாம் விருந்தாளி வருவதற்கும் துரையின் இசைவு வேண்டியிருந்தது. இந்நிலையில், அவர்கள் எவரையும் கேளாமல் கால்வைக்கத்தக்க மண் கடைத்தெரு ஒன்றே.

1884 இல் இரயில் வந்து சேர்ந்த பின்னர் ஹட்டன் வளர்ந்தது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா எனப் பிரியும் தோட்டப் பகுதிகளுக்கெல்லாம் அதுவே வாயில். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டமும் அவ்வழியே செல்லும். சரிவிலே அமைந்த அந்நகரின் முதன்மைத் தெருவில், புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே, சாப்பாட்டுக் கடைகள் எழுந்தன. அவற்றை வைத்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்து மக்கள் அல்லர். தமிழகத்து வணிகர், முஸ்லிம்கள், சிங்களவர். ஆயினும் சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கடைகளை நிறைத்தவர்கள் தோட்டத்து மக்களே.

அக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்து அமர்ந்ததும், பரிமாறுபவர் ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், மடித்த ரொட்டி, பனிஸ் ஆகியவற்றைக் கொண்டுவந்து மேசையின் நடுவே வைத்துவிடுவார். “தேத்தண்ணியா, பால் டீயா, என்ன வேணும்?” என்று கேட்பார். அவ்வளவே. எத்தனை எடுத்தோம் என்று எவரும் அருகில் நின்று பார்ப்பதில்லை. உண்டு முடித்து எழும்போது தட்டில் எஞ்சியவற்றை ஒரு கண்ணால் அளந்து, “ரெண்டு ரோல்ஸ், ஒரு வடை, மூணு தேத்தண்ணி!” என்று காசு வாங்குபவருக்குக் கேட்கும்படி உரக்கக் கூவுவார்.

நகரத்திற் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அளந்து கொடுத்ததையே உண்டு பழகிய ஒரு மக்களுக்கோ இதன் பொருள் வேறு. அங்கே முதலில் தட்டு வருகிறது. கணக்குப் பின்னரே வருகிறது. தோட்டத்திலோ கணக்கே முதலில்; கொழுந்து நிறுக்கப்பட்டு, இறாத்தல் குறைந்தால் அரைப் பேர் விழுந்து, எல்லாம் கழிந்து மிஞ்சியதே அடுப்புக்கு. கடைத்தெருவில் மட்டுமே ஒருவர் அவர்களைப் பார்த்து, “என்ன வேண்டும்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு விடைக்காகக் காத்தும் நின்றார்.

அமர்ந்து உண்ணும் உரிமை சிறிய உரிமை என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்ச் சமுதாயத்தின் அண்மைக்கால வரலாற்றில் அதற்கென்றே போராட்டங்கள் நிகழ்ந்துள்ளன. சாதியின் பெயரால் சில மக்களைத் தேநீர்க் கடைக்குள் விடாத கொடுமை யாழ்ப்பாணத்தில் இருந்தது. உணவுக் கடைகள் முதலிய பொது இடங்களில் எவரையும் அவ்வாறு விலக்கலாகாது என்று சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில், உணவு விடுதியின் பெயர்ப் பலகையிற் சாதிப் பெயர் இருத்தலாகாது எனச் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெரியார் மறியல் நடத்தினார். சோற்றினும் பெரியதாக இருந்தது அமரும் பலகை.

மலையகத்துச் சாப்பாட்டுக் கடைக்கு வேறொரு பெருமையும் உண்டு. தொழிற்சங்கத்தார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறல் எனத் தடுக்கப்பட்ட காலத்தில் நகரமே அவர்கள் மக்களைச் சந்தித்த களம். கோ. நடேசையர் தம் துணைவியார் மீனாட்சியம்மையாருடன் ஹட்டனில் வாழ்ந்து, 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அம்மையார் கூட்டங்களில் பாடித் திரட்டிய மக்கள் கடைத்தெருவுக்கு வந்த அதே மக்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் தேநீர் ஆறும்வரை கேட்டிருந்த அக்கடைகள், மலையகத்தின் முதற் படிப்பகங்கள் எனினும் மிகையாகாது.

நுவரெலியாவில் ஒரு மாலை

இனி முன்னர்க் குறிப்பிட்ட காட்சிக்கு வருவோம். கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியா, ஆங்கிலேயர் தம் நாட்டின் குளிரையும் வழக்கத்தையும் மீண்டும் காண அமைத்துக்கொண்ட நகரம். 1876 இல் அவர்கள் அமைத்த ‘ஹில் கிளப்’ மண்டபத்தில் இரவு விருந்துக்கு அமர்வோர் கழுத்துப்பட்டி அணியவேண்டும் என்னும் விதி நெடுங்காலம் வழங்கியது. சுற்றிலும் தேயிலை, நடுவிலே அம் மேசைகள். கொழுந்து கொய்தவர்கள் அம் மேசைகளை எட்டிப் பார்த்ததுமில்லை.

யான் சென்றது அத்தகைய இடத்துக்கன்று. கடைத்தெருவின் ஓரத்தில் ஐந்தாறு மேசைகள் கொண்ட சிறிய பீட்சாக் கடை. 1990களில் கொழும்பிற் பெருகத் தொடங்கிய பீட்சா இப்போது மலையேறியும் வந்துவிட்டது. வெளியே மழைத் தூறல். உள்ளே அடுப்பின் வெப்பம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளைஞர் மாவுருண்டையை விரல்களால் அழுத்தி, கைகளில் ஏந்திச் சுழற்றி விரித்துக்கொண்டிருந்தார். அருகிருந்த மேசையில் ஒரு குடும்பம்: நடுவயதைக் கடந்த தாயார், பல்கலைக்கழக மாணவர் என்று பேச்சிலிருந்து அறியக் கூடிய மகன், பாடசாலைச் சீருடையில் மகள். தாயாரின் விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. நாற்காலியின் விளிம்பிலேயே அமர்ந்திருந்தார்.

மகன் விலைப்பட்டியலை விரித்து, “அம்மா, என்ன வேணும்? நீங்களே சொல்லுங்க” என்றார்.

“எனக்கு என்னப்பா தெரியும்? நீங்க சாப்பிடுங்க. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிக்கிறேன்.”

“இல்லம்மா. இன்னைக்கு நீங்கதான் சொல்லணும்.”

அவர் விலையைக் கேட்டார். மகன் சொல்லத் தயங்கினார், மகள் சொல்லிவிட்டாள். தாயார் சிறிது நேரம் பேசவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி, நீண்ட போராட்டத்தின் பின் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. பட்டியலிலிருந்த விலை எத்தனை நாட் கொழுந்து என்பதை அவர் மனத்துக்குள் கணக்கிட்டிருப்பார். பின்னர் கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பி, இளைஞரின் கைகளை உற்று நோக்கினார். அவர் முகத்தில் ஒரு மாறுதல்.

“இது நம்ம ரொட்டிதானே! மேல கறிய வச்சிருக்காங்க” என்றார்.

கடையிலிருந்த அனைவரும் நகைத்தோம். அவ்விளைஞரும் கேட்டுவிட்டார். தடுப்புக்கு அப்பாலிருந்து தலையை நீட்டி, மலையகத்தார் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலிற் கேட்கும் கேள்வியையே கேட்டார்: “அம்மா, எந்தத் தோட்டம்?”

தாயார் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். இளைஞர் தம் தோட்டத்தைச் சொன்னார். இடையில் ஒரு மலைதான். கொழும்பில் ஓர் உணவகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்து இத்தொழிலைக் கற்றாராம். “அங்க பழக்கும்போது, ‘ஒனக்கு மட்டும் எப்படிடா இவ்வளவு சீக்கிரம் கை வந்திச்சு’ன்னு கேட்டாங்க. எங்கம்மாவுக்கு ரொட்டி தட்டிக் குடுத்த கைதானேம்மா” என்றார்.

தாயார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார். “அப்பன்னா காரமா ஒன்னு போடு தம்பி. வெங்காயம் நெறைய வை” என்று தாமே சொன்னார்.

பீட்சா வந்தது. அவர் அதனைக் கையாற் பிய்த்து உண்டார். நேப்பிள்ஸ் நகரத்தாரும் முன்னாளில் மடித்துக் கையாலேயே உண்டனர். நன்றாக இருக்கிறதா என்று மகள் கேட்டதற்கு, “நல்லாத்தான் இருக்கு. சம்பல் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். அந்தத் தீர்ப்பிற் பணிவும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. தொழிலறிந்த ஒருவர் தொழிலறிந்த மற்றொருவரின் வேலையை மதிப்பிட்ட முறை அது.

கையை மதித்தல்

பீட்சா உயர்ந்ததற்கும் ரொட்டி உயராததற்கும் காரணம் சுவையன்று; பக்குவமுமன்று. கப்பலேறிய இத்தாலியக் கூலி, வேலையை விட்டு விலகித் தெருவில் தன் பெயரால் ஒரு கடை திறக்க முடிந்தது. அவன் அந்நாட்டின் குடிமகனாகவும் ஆனான். நம்மவர் நிலை வேறு. வேலையை விட்டால் லயமும் போகும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியோரின் குடியுரிமைக் குறை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ‘நீ எங்கே வாழ விரும்புகிறாய், உனக்கு என்ன வேண்டும்?’ என்று உடன்படிக்கை எழுதுமுன் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. காலூன்ற நிலமும் கடை வைக்க உரிமையும் இல்லாதவனின் உணவு, ஊரறிய எவ்வாறு பெயர் பெறும்?

ஆதலின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கி ஒன்று கூற விரும்புகிறேன். நேப்பிள்ஸ் நகரத்து அப்பத்துக்கு டூமாவும் செராவோவும் இருந்தனர். இகழ்ந்தாரெனினும் கொலோடியும் இருந்தார். நம் ரொட்டிக்கு யார் இருக்கின்றனர்? பஞ்ச காலத்தில் மா வாங்க வரிசையில் நின்ற பாட்டிமார் இன்னும் சிலர் உளர். மரவள்ளியையும் கீரையையும் கொண்டு அவர்கள் அக்காலத்தைக் கடந்த விதத்தை அவர்கள் வாய்மொழியிலேயே மாணவர்கள் எழுதி வைக்கலாம். பள்ளிக் கட்டுரைப் போட்டிகளுக்கு இதைவிடச் சிறந்த பொருள் எது? பழைய சாப்பாட்டுக் கடைகளின் வரலாறு, அங்கே படிக்கப்பட்ட பத்திரிகைகள், நடந்த வாதங்கள் ஆகியவற்றையும் தொகுக்கலாம். நுவரெலியாவின் பெரிய விடுதிகளில் உல்லாசப் பயணிகளுக்கு வைக்கப்படும் விலைப்பட்டியலில் தோட்டத்து ரொட்டியும் இடித்த சம்பலும் தம் சொந்தப் பெயரோடு இடம்பெற வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

இவையெல்லாம் செய்தாலும், ரொட்டியைப் புகழ்ந்துவிட்டு அதனைத் தட்டும் கையை மறந்தால் அது போலிப் புகழாகும். நேப்பிள்ஸ் நகருக்கு யுனெஸ்கோ அளித்த மதிப்பு அப்பத்துக்கு அன்று, அதனைச் செய்யும் மனிதரின் கலைக்கே என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மலையக மக்கள் இம்மண்ணில் காலடி வைத்து இருநூறு ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மூதாதையர் நடந்த வழியே ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அவர்கள் வேண்டியவை புதியன அல்ல: வீடு கட்ட நிலம், வாழத்தக்க கூலி, இந்நாட்டின் ஏனைய மக்களோடு ஒத்த மதிப்பு.

கடைத்தெருவிற் பரிமாறும் எளிய மனிதர் ஒருவர் நாள்தோறும் நூறு பேரிடம் கேட்கும் கேள்வியை, அரசும் கம்பனிகளும் இரு நூற்றாண்டுகளில் அம்மக்களிடம் நேரே கேட்டது அரிது. “என்ன வேண்டும்?” என்று கேட்பதற்குப் பொருட்செலவில்லை; கேட்டபின் விடைக்காகக் காத்து நிற்கும் பண்பே வேண்டும். அந்தப் பண்பு ஹட்டன் தெருவின் சிறு கடைகளில் இருக்கிறது. பெரிய மண்டபங்கள் அதனைக் கற்றுக்கொள்ளும் நாளே மலையகத்துக்கு நன்னாள்.